வாங்கியது யார் என்று பெயரைச் சொல்லுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். உங்கள் விளையாட்டுப் பக்கத்தில் ஐரோப்பியக் கால்பந்து பற்றி எழுதும்போதெல்லாம் ஒரு வரி தவறாமல் வந்துவிடுகிறது: இத்தனை கோடி செலவழித்தும் பயிற்சியாளரால் அணியைக் கரைசேர்க்க முடியவில்லை. செலவழித்தது பயிற்சியாளரா? அவர் பாக்கெட்டிலிருந்தா எடுத்துக் கொடுத்தார்? சில கிளப்புகளில் அந்த வீரரின் பெயரே அவருக்குக் கடைசி வாரத்தில்தான் தெரிய வந்திருக்கும். வேறு சில கிளப்புகளில், அவர்தான் ஒற்றைக் காலில் நின்று அந்த வீரரைக் கேட்டு வாங்கியிருப்பார். இரண்டும் ஒன்றல்ல. ஆனால் நீங்கள் எழுதுவதைப் படித்தால் எல்லாப் பழியும் ஒரே ஆளின் தலையில்தான் விழுகிறது.

இதில் உங்களை மட்டும் குறை சொல்லவில்லை. இங்கிலாந்துப் பத்திரிகைகளே பல வருடம் இப்படித்தான் எழுதின. அவர்களுக்கு அது பழக்கதோஷம், ஏனென்றால் அங்கே மேனேஜர் (பயிற்சியாளரைத்தான் அப்படிச் சொல்வார்கள்) என்றால் எல்லாமே அவர்தான் என்று ஒரு காலம் இருந்தது. மான்செஸ்டர் யுனைடெட்டில் அலெக்ஸ் பெர்குசன் 1986 முதல் 2013 வரை இருந்தார். யார் வேண்டும் என்று அவர் சொல்வார், தலைமை நிர்வாகி டேவிட் கில் மாதிரி ஓர் ஆள் போய் விலை பேசி முடிப்பார். இத்தாலி, ஜெர்மனி, ஸ்பெயின் பக்கம் வீரர்களை வாங்குவது விற்பதைப் பார்த்துக்கொள்ள ஸ்போர்ட்டிங் டைரக்டர் என்று ஒருவர் ரொம்ப நாளாகவே உண்டு. அமெரிக்காவில் அந்த நாற்காலிக்கு ஜெனரல் மேனேஜர் என்று பெயர், அங்கே சம்பள உச்சவரம்புக் கணக்கு வேறு இருப்பதால் பயிற்சியாளர் தனியாக எதையும் வாங்கிவிட முடியாது.

எந்த முறை நல்லது என்பதில் எனக்குப் பெரிய சண்டை இல்லை. யார் முடிவெடுத்தார் என்பதை மறைப்பதில்தான் சண்டை. இதற்கு இங்கிலாந்தின் நியூகாசில் கிளப்பில் நடந்ததைவிட நல்ல உதாரணம் கிடையாது, அதுவும் வதந்தி இல்லை, பிரீமியர் லீகின் நடுவர் மன்றம் விசாரித்து எழுதிவைத்த தீர்ப்பிலேயே இருக்கிறது.

2008 ஜனவரியில் கெவின் கீகன் மறுபடியும் நியூகாசில் மேனேஜராக வந்தார். அந்த ஊரில் அவர் பெயரைச் சொன்னாலே ஜனங்கள் உருகிவிடுவார்கள், அப்படிப்பட்ட ஆள். அதே மாதக் கடைசியில் டென்னிஸ் வைஸை கால்பந்து விவகாரங்களுக்கு எக்ஸிக்யூட்டிவ் டைரக்டராகக் கொண்டுவந்தார்கள். யாரை வாங்குவது என்பதில் கடைசி வார்த்தை யாருடையது என்று நிருபர்கள் கேட்டபோதெல்லாம், கீகனுடையதுதான் என்று கிளப் திரும்பத் திரும்பச் சொன்னது. ஆகஸ்ட் மாதம் டிரான்ஸ்ஃபர் விண்டோ (வீரர்களை வாங்கி விற்க அனுமதி உள்ள காலம்) மூடப்போகிற நேரம், வைஸ் போன் போட்டு இக்னாசியோ கொன்சாலஸ் என்று உருகுவே வீரர் ஒருவர் இருக்கிறார், பிரமாதமான ஆட்டக்காரர், பாருங்கள் என்கிறார். கீகன் இணையத்தில் தேடுகிறார், சொல்லிக்கொள்கிற மாதிரி எங்கும் ஆடியதாகத் தகவல் இல்லை. மொனாக்கோ கிளப்பில் லோனில், அதாவது இரவலாக, இருந்தார் என்று பதில் வருகிறது. அதையும் விசாரித்துவிட்டு, இவர் நமக்குப் போதாது என்கிறார் கீகன். அப்படியானால் யூடியூபில் வீடியோ இருக்கிறது, அதைப் பாருங்கள் என்கிறார் வைஸ்! பார்த்தால் தெளிவே இல்லாத துண்டு வீடியோக்கள். கிளப்பில் ஒருவர்கூட அந்த வீரர் ஆடி நேரில் பார்த்ததில்லை. பெரியவர்கள் போய்த் தாம்பூலம் மாற்றிவிட்டு வந்து, அப்புறம் மாப்பிள்ளை கையில் போட்டோவைக் கொடுப்பார்களே, அந்தக் கதைதான்.

கீகன் வைஸிடம் மட்டுமல்ல, முதலாளி மைக் ஆஷ்லியிடமும் வேண்டவே வேண்டாம் என்று சொன்னார். மறுநாளே லோன் ஒப்பந்தம் முடிந்துவிட்டது. ஏன் என்று மன்றத்தில் கேட்டபோது கிளப் தரப்புச் சாட்சிகள் சொன்ன காரணம்தான் உச்சம். தென் அமெரிக்காவின் செல்வாக்குள்ள இரண்டு ஏஜென்டுகளுக்குச் செய்த உதவியாம் அது, பிற்காலத்தில் அவர்கள் கிளப்பை நல்லபடியாகப் பார்த்துக்கொள்வார்களாம். முதல் அணியில் ஆடுவார் என்று யாருமே எதிர்பார்க்காத ஒரு வீரருக்குச் சம்பளமாக மட்டும் ஏறத்தாழ 10 லட்சம் பவுண்டு போனது. செப்டம்பர் 4ஆம் தேதி கீகன் ராஜினாமா செய்தார். 2009 அக்டோபரில் தீர்ப்பு வந்தது: கடைசி வார்த்தை மேனேஜருக்கு உண்டு என்பது அவருடைய ஒப்பந்தத்திலேயே அடங்கியிருக்கிறது, அதை மீறியது கிளப், எனவே அவரை வெளியேற்றியதற்குச் சமம் என்று 20 லட்சம் பவுண்டு கொடுக்கச் சொன்னார்கள். அதற்குள் அணி இரண்டாம் பிரிவுக்கு இறங்கியும்விட்டது. ஒருவேளை கீகன் இருந்திருந்தாலும் இறங்கியிருக்கலாம், அது வேறு விஷயம்.

அந்தத் தீர்ப்பில் என்னை மிகவும் கோபப்படுத்தியது யூடியூப் விவகாரம்கூட இல்லை. கீகனுக்கே கடைசி வார்த்தை என்று பத்திரிகைகளிடம் சொன்னீர்களே என்று கேட்டதற்கு, அது உண்மை இல்லை, சும்மா விளம்பரத்துக்காகச் சொன்னது என்ற ரீதியில் கிளப் வாதாடியிருக்கிறது. அதாவது ரசிகர்களிடம் பொய் சொன்னோம், அதனால் அந்தப் பொய்யை எங்களுக்கு எதிராகப் பயன்படுத்தாதீர்கள் என்கிறார்கள். இதை ஒரு கிளப் வாய்விட்டு ஒப்புக்கொண்டுவிட்டது. ஒப்புக்கொள்ளாதவர்கள் எத்தனை பேரோ.

இதில் ஒரு வேடிக்கை. கீகன் விலகியதற்கு முந்தைய நாள், 2008 செப்டம்பர் 3ஆம் தேதி, வெஸ்ட் ஹாம் கிளப்பின் மேனேஜர் ஆலன் கர்பிஷ்லியும் இதே மாதிரி காரணத்துக்காக வெளியேறினார். ஆன்டன் பெர்டினாண்ட், ஜார்ஜ் மெக்கார்ட்னி இருவரையும் சண்டர்லாந்துக்கு அவர் சம்மதமில்லாமல் விற்றார்கள் என்பது அவர் வழக்கு, அவரும் ஜெயித்தார். அதற்குச் சில வாரம் முன்பு ஆகஸ்டில், அமெரிக்காவில் பெக்காம் ஆடிக்கொண்டிருந்த லாஸ் ஏஞ்சலஸ் கேலக்ஸி கிளப்பில் பயிற்சியாளர் ரூட் குல்லிட், ஜெனரல் மேனேஜர் அலெக்ஸி லாலஸ் இருவரும் ஒரே நாளில் போனார்கள். அங்கே கண்டுபிடித்த தீர்வு என்ன தெரியுமா? புரூஸ் அரீனாவைக் கூப்பிட்டு இரண்டு நாற்காலியையும் அவருக்கே கொடுத்துவிட்டார்கள். அவர் 2011, 2012, 2014 என்று மூன்று முறை அமெரிக்க லீகான எம்எல்எஸ் கோப்பை வாங்கிக் கொடுத்தார். ஆக, ஒரே ஆளிடம் எல்லாம் இருந்தாலும் ஓடும், ஆள் சரியாக இருந்தால். நான் அதைச் சிபாரிசு செய்ய மாட்டேன், ஏனென்று சொல்கிறேன்.

உங்கள் வாசகர்களில் பாதிப் பேர் மான்செஸ்டர் யுனைடெட் ரசிகர்களாக இருப்பார்கள் என்பது தெரியும், கோபித்துக்கொள்ள வேண்டாம். 2022 கோடையில் எரிக் டென் ஹாக் அங்கே பயிற்சியாளராக வந்தார். பார்சிலோனாவிலிருந்து பிரெங்கி டி யாங்கைப் பிடிக்கக் கோடை முழுக்கக் காத்திருந்து கிடைக்கவில்லை, முதல் ஆட்டத்தில் பிரைட்டனிடம் தோல்வி, அடுத்தது பிரென்ட்போர்டிடம் 4-0. அந்த 4 கோலுமே முதல் பாதியில் விழுந்தவை. அதன் பிறகு நடந்ததை வேறு எப்படிச் சொல்வது, பதற்றம்தான். பேச்சுவார்த்தைக்கு வரும் கிளப் பதறுகிறது என்று தெரிந்தால் விற்பவன் விலையை ஏற்றாமல் இருப்பானா? டென் ஹாக்கின் பழைய கிளப்பான நெதர்லாந்தின் அயாக்ஸ் ஏற்றியது. ஆன்டனி என்ற பிரேசில் விங்கருக்கு (ஓரமாக ஓடித் தாக்கும் ஆட்டக்காரர்) சுமார் 8.2 கோடி பவுண்டு. அவர் டென் ஹாக்கின் பழைய சீடர். லிசாண்ட்ரோ மார்ட்டினெஸும் அப்படித்தான். அடுத்த வருடம் ஒனானா, அதற்கடுத்த வருடம் டி லிக்ட், மஸ்ராவி. ஐந்து பேருமே அயாக்ஸில் அவரிடம் ஆடியவர்கள். ஆன்டனி யுனைடெட்டுக்காகப் பிரீமியர் லீகில் அடித்தது மொத்தம் 5 கோல்.

இதை வைத்து டென் ஹாக்கைக் கும்முவது சுலபம், கும்மியும் ஆயிற்று. ஆனால் அவர் தன் வேலையைத்தானே செய்தார்? தெரிந்த ஆளைக் கேட்பது எந்தப் பயிற்சியாளரும் செய்வது. அடுத்த சனிக்கிழமை ஜெயிக்க வேண்டியவன், தன் ஆட்டமுறை ஏற்கெனவே மண்டையில் ஏறிய ஆளைத்தான் கேட்பான். எதிரே உட்கார்ந்து, இந்த விலைக்கு இந்த ஆள் வேண்டாம், உங்களுக்குத் தேவைப்படுவது வலது பக்கம் ஓடும் ஒரு விங்கர்தானே, இதோ இன்னும் நான்கு பேர் என்று சொல்ல வேண்டிய நாற்காலி ஒன்று இருக்கிறது. அங்கே ஜான் மர்டோ இருந்தார், 2021இல் அந்தக் கிளப்பின் முதல் கால்பந்து இயக்குநராக வந்தவர். அந்த ஒப்பந்தத்தில் அவருடைய பங்கு பற்றி உங்கள் பக்கத்தில் ஒரு பத்தி படித்த ஞாபகம் எனக்கு இல்லை.

சரி, காலக் கணக்கைப் பாருங்கள். ஆன்டனிக்கு 2027 வரை ஒப்பந்தம். டென் ஹாக் 2024 அக்டோபரில் வேலையிழந்தார். ஆன்டனியை ரியல் பெட்டிஸுக்கு முதலில் லோனில் அனுப்பி, 2025இல் கொடுத்த பணத்தில் ஒரு சிறு பங்குக்குத்தான் விற்க முடிந்தது. பயிற்சியாளர்கள் இரண்டு வருடம் தாக்குப்பிடித்தாலே பெரிய காரியம் என்கிற காலத்தில், ஐந்து வருடக் கடன் மாதிரி ஒரு வீரரைத் தலையில் கட்டிவிட்டுப் போகும் அதிகாரத்தை அவரிடம் மட்டும் விடுவது கிளப்புக்கு நல்லதில்லை. செல்சியில் இதைவிடக் கேலிக்கூத்து. 2022 செப்டம்பர் தொடக்கத்தில், அப்போதைய பயிற்சியாளர் தாமஸ் டுகெலிடம் முன்பு டார்ட்மண்ட் கிளப்பில் ஆடிய ஆபமெயாங்கை வாங்கினார்கள். 6ஆம் தேதி ஸாக்ரெப்பில் அந்த வீரருக்கு முதல் ஆட்டம், தோல்வி. 7ஆம் தேதி காலை டுகெலை நீக்கிவிட்டார்கள். யாருக்காக வாங்கினார்களோ அவர் இல்லை, வாங்கிய ஸ்டிரைக்கர் (கோல் அடிக்க வேண்டிய முன்கள வீரர்) இருக்கிறார், அந்த சீசன் முழுவதும் லீகில் ஒரே ஒரு கோல். அப்போது அங்கே தற்காலிக ஸ்போர்ட்டிங் டைரக்டர் வேறு யாருமில்லை, உரிமையாளர்களில் ஒருவரான டாட் போய்லியே.

பெர்குசன் காலம்தான் பொற்காலம் என்கிறவர்களுக்கு ஒரு சின்ன ஞாபகமூட்டல்: 2010இல் பெபே என்ற போர்ச்சுக்கல் வீரரைச் சுமார் 74 லட்சம் பவுண்டுக்கு வாங்கியபோது, தான் அவர் ஆடியதைப் பார்த்ததே இல்லை என்று பெர்குசனே சொன்னார். பழைய உதவியாளர் கார்லோஸ் கெய்ரோஸ் சொன்னாராம், வாங்கிவிட்டார். பெபே ஆடியது இரண்டே லீக் ஆட்டம். எல்லாம் தெரிந்த ஒரு மனிதர் என்பதெல்லாம் எங்கேயும் கிடையாது.

அப்படியானால் கமிட்டி போட்டால் சரியாகிவிடுமா? லிவர்பூல் அதையும் செய்து பார்த்தது. 2012இல் பிரெண்டன் ராட்ஜர்ஸ் பயிற்சியாளராக வரும்போதே, தனக்கு மேலே கால்பந்து இயக்குநர் என்று ஒருவர் கூடாது என்றார். அதனால் அவரையும் சேர்த்து ஒரு டிரான்ஸ்ஃபர் கமிட்டி. 2014இல் சுவாரஸைப் பார்சிலோனாவுக்கு விற்றாயிற்று, ஸ்டிரைக்கர் வேண்டும். பலோட்டெல்லி வருவாரா என்று நிருபர்கள் கேட்டதற்கு, நிச்சயமாக வர மாட்டார் என்று ராட்ஜர்ஸ் அடித்துச் சொன்னார். அந்த மாதமே 1.6 கோடி பவுண்டுக்குப் பலோட்டெல்லி வந்து இறங்கினார். லீகில் ஒரு கோல். அடுத்த கோடையில் கமிட்டிக்குப் பிடித்த ஃபிர்மினோ ஒரு பக்கம், ராட்ஜர்ஸுக்குப் பிடித்த பென்டெகே ஒரு பக்கம் என்று இரண்டையும் வாங்கினார்கள். ஆளுக்கு ஒன்று! அக்டோபரில் ராட்ஜர்ஸ் போய்விட்டார். கூட்டாக முடிவெடுப்பது என்றால் பங்கு பிரித்துக்கொள்வது என்று புரிந்துகொண்டால் இப்படித்தான் முடியும்.

ஆனால் அதே கிளப், ஏறக்குறைய அதே ஆட்கள், பயிற்சியாளர் மட்டும் மாறியதும் என்ன நடந்தது பாருங்கள். 2017இல் யுர்கன் க்ளாப் ஒரு விங்கர் கேட்டார், அவர் மனதில் இருந்தவர் லெவர்குசனின் யூலியன் பிராண்ட். ஸ்போர்ட்டிங் டைரக்டர் மைக்கேல் எட்வர்ட்ஸும் வீரர்களைத் தேடிக் கண்டுபிடிக்கும் அவருடைய ஸ்கவுட்டுகளும் ரோமாவில் ஆடிய மொஹமத் சலாவைச் சொன்னார்கள். சலா ஏற்கெனவே செல்சியில் எடுபடாமல் போனவர், எனவே தயக்கம் இருந்தது. அவர்கள் விடவில்லை, தரவுகளைக் காட்டிக் காதிலேயே ஓதிக்கொண்டிருந்தார்கள். கடைசியில் க்ளாப் சரி என்றார். முதல் சீசனிலேயே எல்லாப் போட்டிகளிலும் சேர்த்து 44 கோல். எனக்கு இதில் பிடித்தது கோல் கணக்கைவிட, அது தன் யோசனை இல்லை, எட்வர்ட்ஸ் ஆட்கள்தான் விடாமல் சொன்னார்கள் என்று க்ளாப் பின்னாளில் வெளிப்படையாகவே சொன்னது. இரண்டு தரப்பும் ஒரே வீரருக்குச் சரி சொல்லும்வரை பேசினார்கள், சொன்ன பிறகு அந்த வீரர் இருவருக்கும் சொந்தம்.

இதற்கு நேர் எதிரான ஆள் அந்தோனியோ கான்டே. 2022இல் அவர் பயிற்சியாளராக இருந்த டாட்டன்ஹாம் கிளப் ஜெட் ஸ்பென்ஸ் என்ற இளம் டிஃபென்டரை (தற்காப்பு வீரரை) வாங்கியது. வந்த சில நாளிலேயே, இது கிளப் விரும்பி வாங்கியது, கிளப்பின் முதலீடு என்கிற தொனியில் கான்டே பொதுவெளியில் பேசிவிட்டார். அந்தப் பையன் நிலைமையை யோசித்துப் பாருங்கள், வந்த வீட்டில் பெரியவரே இவன் நம்ம ஆள் இல்லை என்கிறார். கான்டே காலத்தில் அவருக்கு ஒரு லீக் ஆட்டத்தில்கூடத் தொடக்க வாய்ப்பு கிடைக்கவில்லை. ரென், லீட்ஸ், ஜெனோவா என்று லோனில் ஊர் ஊராகச் சுற்றினார். 2023இல் பயிற்சியாளராக வந்த போஸ்டகோக்லு, மற்ற டிஃபென்டர்கள் காயத்தில் படுத்த 2024 கடைசியில் வேறு வழியில்லாமல் இறக்கிவிட, ஸ்பென்ஸ் அசத்த ஆரம்பித்து, 2025இல் இங்கிலாந்து அணிக்கே ஆடிவிட்டார். வாங்கியவர்கள் கணித்தது தப்பில்லை. வாங்கும்போது பயிற்சியாளர் மனதாரச் சம்மதித்தாரா என்பதைத்தான் யாரும் கவனிக்கவில்லை.

அதனால் என் கருத்து இது. எப்படிப்பட்ட ஆட்டக்காரர் வேண்டும் என்று சொல்வது பயிற்சியாளரின் வேலை. எந்த இடம், என்ன வேகம், பந்து இல்லாதபோது என்ன செய்ய வேண்டும், இதெல்லாம் அவருக்குத்தான் தெரியும். அந்த வேலைக்கு உலகத்தில் யார் யார் இருக்கிறார்கள், என்ன விலை, எத்தனை வருடம், நாளைக்குப் பயிற்சியாளர் மாறினாலும் இந்த ஆள் பயன்படுவாரா என்று பார்ப்பது டைரக்டர் வேலை. இரண்டு பேருக்கும் வேண்டாம் என்று சொல்லும் உரிமை இருக்க வேண்டும், அதுவும் எழுத்தில். ஒருவர் வேண்டாம் என்ற பிறகு முதலாளி தலையிட்டு வாங்கினால், வாங்கியது முதலாளி என்று வெளியே தெரிய வேண்டும். 2018இல் மான்செஸ்டர் யுனைடெட் பயிற்சியாளர் மொரீன்யோ ஒரு சென்டர் பேக் (தற்காப்பின் நடுவில் ஆடுபவர்) கேட்டுக் கேட்டுச் சலித்துப்போனார், நிர்வாகம் கொடுக்கவில்லை. டிசம்பரில் அவரை அனுப்பிவிட்டு, அடுத்த கோடையில் ஹாரி மகுவயருக்கு 8 கோடி பவுண்டு கொடுத்தார்கள். முதலில் மறுத்ததும் பிறகு கொடுத்ததும் எட் வுட்வர்ட் தலைமையிலிருந்த அதே நிர்வாகம்தான். ஆனால் ஆட்டத்துக்கு முன்னும் பின்னும் மைக் முன்னால் உட்கார்ந்து பதில் சொன்னது யார்? மொரீன்யோ, அப்புறம் அவர் இடத்துக்கு வந்த சோல்ஷார். பயிற்சியாளர் வாரத்துக்கு இரண்டு மூன்று தடவை நிருபர்கள் முன்னால் வந்தே ஆக வேண்டும். டைரக்டர் வருடத்துக்கு ஒரு பேட்டி கொடுத்தால் அதிகம், அதுவும் கிளப்பின் சொந்தச் சேனலில், கிளப் ஊழியரே கேள்வி கேட்டு.

இதை மாற்றும் சக்தி சென்னையில் உட்கார்ந்திருக்கும் நமக்கு இல்லைதான். உங்கள் பத்திரிகை செய்யக்கூடியது ஒன்று உண்டு. அடுத்த டிரான்ஸ்ஃபர் விண்டோ பற்றி அட்டவணை போடும்போது வீரர், விலை, பழைய கிளப், புதிய கிளப் என்று நான்கு கட்டம் போடுகிறீர்களே, ஐந்தாவதாக அந்தக் கிளப்பின் ஸ்போர்ட்டிங் டைரக்டர் பெயரையும் ஆறாவதாக அப்போதைய பயிற்சியாளர் பெயரையும் போடுங்கள். இரண்டு சீசன் கழித்து அதே அட்டவணையை மறுபடி அச்சிடுங்கள், யார் இருக்கிறார், யார் போய்விட்டார் என்று வாசகர்கள் பார்த்துக்கொள்வார்கள். இடம் போதாது என்றால் கிரிக்கெட் ஏலத்துக்கு ஒதுக்கும் ஒன்றரைப் பக்கத்திலிருந்து கொஞ்சம் எடுத்துக்கொள்ளலாம், யாரும் அழ மாட்டார்கள்.

இப்படிக்கு,
ஒரு கால்பந்து ரசிகன்,
வியாசர்பாடி, சென்னை.